எதிர்க்கடைச் சாவி

சாவி கீழே ஆபீஸில் இருக்கிறதாம், ஆபீஸ்காரர் டீ குடிக்கப் போயிருக்கிறாராம், டீ குடிக்கப் போகிறவர் சாவியையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் போவாராம். பெண்கள் கழிப்பறைக் கதவில் தொங்கிய பூட்டை ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டுத் தெய்வாத்தாள் திரும்பி வந்து, கோர்ட்டு வராந்தாவில் அதே பெஞ்சில் அதே இடத்தில் உட்கார்ந்தாள். தொடையோடு தொடையை இறுக்கி, மடியில் பையை வைத்து, பையின் மேல் கையை வைத்து. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. காப்பியைக்கூட வேண்டாமென்று தள்ளிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அப்புறம் எங்கிருந்துதான் இத்தனையும் ஊறுகிறதோ, இந்த உடம்புக்கு மானம் ரோஷம் ஒன்றும் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் கட்டணக் கழிப்பிடம் இருக்கிறது, ஓடிப் போய்விட்டு ஓடி வந்துவிடலாம். போகமாட்டாள். போன தடவை அப்படித்தான் போனாள். திரும்பி வந்தபோது டவாலி மூன்று தரம் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார், சாட்சி ஆஜரில்லை என்று எழுதியாகிவிட்டது. எந்த வாயால் கூப்பிட்டாரோ, கதவோரம் நின்றவர்களுக்கே கேட்கவில்லையாம். இந்த டவாலி ஆளுக்குத் தகுந்தபடி கூப்பிடுகிறவர். வேண்டியவர் பெயரென்றால் கோர்ட்டு வாசல் வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பும். வேண்டாதவர் பெயரென்றால் சுவரைப் பார்த்து உதடு மட்டும் அசையும். அடுத்த வாரமே வீட்டு வாசலில் ஜீப் நின்றது. சாட்சி வரவில்லையென்று பிடிவாரண்ட். கொண்டு வந்தது யார் என்கிறீர்கள், எந்த ஸ்டேஷனைப் பற்றி இவள் சாட்சி சொல்லவேண்டுமோ அதே ஸ்டேஷன்காரர்கள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அடித்தவன் ஜாமீனில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சுற்றுகிறான், அடித்ததைக் காதால் கேட்டவளை ஜீப்பில் ஏற்றினார்கள். இன்றைக்கு வயிறு வெடித்தாலும் சரி, இந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.

"என்னக்கா, ஒரு மாதிரி நெளியறீங்க?" என்று பக்கத்தில் வந்து நின்றாள் மலர்க்கொடி. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். அந்த ஸ்டேஷன் கான்ஸ்டபிள்தான், இன்றைக்குக் கோர்ட்டு டூட்டி. "ஒண்ணுக்கா? போயிட்டு வாங்கக்கா. கூப்பிட்டாங்கன்னா நான் ஓடியாந்து சொல்றேன்." போன தடவையும் இதே சொல், இதே குரல். அன்றைக்கு அதை நம்பித்தான் போனாள். "வேண்டாம் அம்மிணி" என்றாள் தெய்வாத்தாள். மலர்க்கொடி முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள், "எனக்கென்னங்கக்கா, உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்." நல்லதுக்குத்தான். எல்லாரும் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். ஏட்டு இவள் கடைக்கு வந்து, கல்லா மேசையில் முழங்கையை ஊன்றி, நீங்க நல்லா இருக்கோணுமுங்க, உங்க பையன் வெளிநாடு போகோணுமுங்க, பாஸ்போர்ட்டு விசாரணை நம்ம டேபிள்லதானுங்க இருக்குது, சாட்சி முடியட்டும் பாத்துக்கலாமுங்க என்று சொன்னபோது வரிக்கு வரி மரியாதை சொட்டியது. இந்த ஊர்க்காரன் கழுத்தை நெரித்தாலும் 'ங்க' போட்டுத்தான் நெரிப்பான். அந்த மரியாதைக்கு வீட்டுக்காரர் பயந்துபோனார். கேக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லீட்டு வந்தா என்ன, செத்தவன் வரப்போறானா என்றார். டீக்கடைக்காரன் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தான். அவனும் அந்தச் சத்தத்தைக் கேட்டவன்தான். மெடிக்கல் ஷாப் தம்பிக்கு அந்த நாளே ஞாபகம் இல்லையாம். மிச்சம் இருப்பது இவள் ஒருத்தி. ஃபேன் காற்று விழுகிற பெஞ்சில் எஸ்.ஐ. கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் ஏட்டு, கேஸில் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பேரும். இடையில் சஸ்பெண்ட் ஆனார்கள், திரும்ப வேலைக்கு வந்தார்கள், ஒருவனுக்குப் பதவி உயர்வு பட்டியலில் பெயர்கூட இருக்கிறதாம். பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும். இவளும் பார்ப்பாள், கண்ணைத் தாழ்த்திக்கொள்ள இவள் என்ன அடித்தாளா?

அடித்தது மாதேசை. இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும், நூல் மில்லில் ஃபிட்டர் வேலை, சிரித்தால் கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் குழி விழும். வண்டிச் சோதனையில் பிடித்து ஸ்டேஷனுக்கு ஆர்.சி. நகல் கொண்டு வா என்றிருக்கிறார்கள். ஸ்டேஷனுக்கு நேர் எதிரே இவளுடைய ஜெராக்ஸ் கடை. புகார் கொடுக்கிறவன், புகாரில் மாட்டுகிறவன், யாராயிருந்தாலும் இவள் மெஷின் வெளிச்சத்தில் ஒரு தரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நகல் எடுத்தான். ஹெல்மெட்டை மேசை மேல் வைத்தான். "இது இங்கியே இருக்கட்டுங்க்கா, ரெண்டு நிமிசத்துல வந்து எடுத்துக்கறேன்." என்ன தம்பி தப்பு பண்ணினே என்று கேட்டாள். "தப்பெல்லாம் இல்லீங்க்கா. அபராதம் கேட்டாங்க, ரசீது குடுங்கன்னேன். எந்தப் பிரிவுல வண்டியப் புடிச்சீங்கன்னும் கேட்டேன். கேக்கக் கூடாதுங்களா?" கேட்கலாம், கேட்கலாம், தாராளமாகக் கேட்கலாம் என்று எல்லாப் புத்தகத்திலும் அச்சடித்துத்தான் இருக்கிறது. தலைக்கு மாட்டுவதை இவளிடம் கொடுத்துவிட்டுத் தலையோடு உள்ளே போனான். சாயந்திரம் கரெண்ட் போய் மெஷின் நின்றபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஆத்தா என்று. ஆத்தா, ஆத்தா. அதற்கு முன்னால் எவ்வளவு நேரமாகக் கத்திக்கொண்டிருந்தானோ, மெஷின் இரைச்சலில் யாருக்குத் தெரியும். மெஷினை நிறுத்தியிருந்தால் கேட்டிருக்கும், கேட்டிருந்தால் மட்டும் ரோட்டைக் கடந்து உள்ளே போயிருப்பாயா என்று மனது கேட்கும், மனதுக்கு வேறு வேலை கிடையாது. இருட்டுகிற நேரத்தில் நாலு பேர் தூக்கி வந்து ஜீப்பில் போட்டார்கள். தலையில் துண்டு சுற்றியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மறுநாள் ஏட்டே வந்து கடைவாசலில் நின்று சொன்னான், பையன் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டானுங்க, மண்டை அடிபட்டுவிட்டதுங்க. இந்தத் தமிழ்நாட்டில் எந்த ஸ்டேஷனில் யாருக்குக் கை உடைந்தாலும் கால் உடைந்தாலும் பாத்ரூம்தான். ஜனங்களும் சிரித்துக்கொண்டே மாவுக்கட்டு மாவுக்கட்டு என்று கிண்டல் பேசிவிட்டு டீயைக் குடிக்கிறார்கள்.

ஆனால் இங்கேதான் முள் இருக்கிறது, எத்தனை நாளாக இதே இடத்தில் வந்து குத்துகிறது. நாலு மாதத்துக்கு முன்னால் அரசு வக்கீல் அவளை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தார். நீங்க என்ன கேட்டீங்க? ஆத்தான்னு கத்துனது கேட்டேனுங்க. சரி, குறுக்கு விசாரணையில அந்தப் பக்க வக்கீல் என்ன கேப்பாரு தெரியுமா? வழுக்கி விழுந்தவன் கத்த மாட்டானாம்மா? அவனும் ஆத்தான்னுதானே கத்துவான்? நீங்க ரோட்டுக்கு இந்தப் பக்கம் உக்காந்து, அது அடிக்குக் கத்துனதா, விழுந்து கத்துனதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? கேட்டுவிட்டு அரசு வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். இரவும் பகலும் அந்தக் கேள்வியைத் தலைக்குள் போட்டு உருட்டியிருக்கிறாள். விழுந்தவன் ஒரு தரம் கத்துவான். விடாமல் கத்தினானே என்று சொல்லலாம். வலியில் கத்தியிருப்பான் என்பார் வக்கீல். அந்தக் குரலைக் கேட்டிருந்தால் உங்களுக்குத் தெரியும் என்று சொல்லலாம், குரலை எப்படி ஐயா கூண்டில் ஏற்றுவது, ஜெராக்ஸா எடுக்க முடியும். இவள் ஒருத்தி உறுதியாக நின்று சொன்னாலும் அது தண்ணீரில் போட்ட கோடாகத்தான் போகுமோ? அவர்கள் வெள்ளைச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்களோ? பையனின் பாஸ்போர்ட்டும் போய், இதுவும் போய். அடிவயிறு ஒரு தரம் சுண்டி இழுத்தது. பல்லைக் கடித்தாள்.

வராந்தாவின் அந்தக் கோடியில் பொன்னாயி உட்கார்ந்திருக்கிறாள், மாதேசின் ஆத்தா. அவன் கத்திய ஆத்தா. இரண்டு பேரும் பேசிக்கொள்ளக் கூடாது, சொல்லிக் கொடுத்ததாக எழுதுவார்கள் என்று அரசு வக்கீல் உத்தரவு. வாய்தாவுக்கு வாய்தா இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருகிறார்கள், முன் சீட்டில் ஒருத்தி, பின் சீட்டில் ஒருத்தி, இறங்கும்போது கண்ணால் மட்டும் ஒரு பார்வை. இந்த வழக்கு ஆரம்பித்தபோது பொன்னாயிக்குத் தலை கறுப்பு. நாலு ஜட்ஜு மாறிவிட்டார்கள். டெல்லியில் சட்டத்தின் பெயரையே மாற்றிவிட்டார்களாம், வாயில் நுழையாத பெயராம், ஆனால் நம் கேஸ் பழசு என்பதால் பழைய சட்டத்திலேயே நடக்குமாம், நடக்கட்டும், எந்தச் சட்டத்திலாவது நடக்கட்டும். போன மாதம் இதே வளாகத்தில் பந்தல் போட்டுப் பெரிய விழா. சென்னையிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். விரைவான நீதி, கடைக்கோடி மனிதனுக்கும் நீதி, கணினி, இணையம் என்று ஒலிபெருக்கி அதிர்ந்தது. அன்றைக்கு ஒருநாள் மட்டும் பெண்கள் கழிப்பறை திறந்திருந்தது, வாளி புதுசு, மக்கு புதுசு, வாசலில் மாவிலைகூடக் கட்டியிருந்தார்கள். பந்தல் பிரித்ததும் பூட்டும் வந்துவிட்டது. ஓட்டு என்றால் வீடு தேடிச் சீட்டு வருகிறது, விரலைப் பிடித்து மை வைக்கிறார்கள், நீங்கதாம்மா இந்த நாட்டுக்கு ராஜா என்கிறார்கள். ராஜாவுக்கு ஒண்ணுக்குப் போக இடமில்லை. இந்தக் கட்டடத்துக்கு வருகிற பெண்ணுக்கெல்லாம் வயிறே கிடையாது என்று நினைத்துக் கட்டினார்களா? ஜட்ஜம்மாவுக்கு உள்ளே தனியாக இருக்கிறது. மலர்க்கொடிக்கு? அவள் மட்டும் எங்கே போவாள், காலையிலிருந்து விறைத்துக்கொண்டு நிற்கிறாள், பாவம். பாவம்தான், அவளும் காக்கிக்குள் ஒரு பெண்தானே. முன்பெல்லாம் கடைக்கு வருவாள். ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே சுண்டுவிரலைக் காட்டுவாள், இவள் ஆணியில் தொங்கும் சாவியை எடுத்து ஆட்டிக் காட்டி, "மலரு! சாவி இருக்குது வா அம்மிணி!" என்று கூப்பிடுவாள்.

ஆணியில் தொங்கும் சாவி.

தெய்வாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடைக்குப் பின்னால் ஒரு கக்கூஸ் உண்டு, வாடகைக்கு எடுத்தபோதே இருந்தது, அதன் சாவிக்குச் சிவப்பு ரிப்பன் கட்டிக் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருப்பாள். மலர்க்கொடி ஏன் அங்கே வந்தாள்? ஸ்டேஷனில் இல்லாமல்தானே வந்தாள். அந்த ஐப்பசி மழையில் ஸ்டேஷன் பின்பக்கத்துக் கழிவுத் தொட்டி உள்வாங்கி, கக்கூஸும் குளிக்கிற இடமும் சேர்ந்து சரிந்து விழுந்தது, மேலே தகரத்தைப் போட்டு மூடிவிட்டார்கள். ஆம்பளைகள் பிடித்து வைத்த வண்டிகளுக்குப் பின்னால் சுவரோரம் போனார்கள், நாற்றம் கடை வரைக்கும் வந்தது, ஊதுவத்தி கொளுத்தி வைப்பாள். பெண் போலீசுக்கு இவள் கடைச் சாவி. எவ்வளவு நாள்? கார்த்திகை முழுக்க. மாதேசு செத்தது கார்த்திகையில். மறுபடியும் கட்டியது எப்போது? மணல் லாரி வந்தது, ஸ்டேஷன் வாசலில் கொட்டினார்கள், அந்த மணல் மேல்தான்... அந்த மணல் மேல்தான் பொன்னாயி உட்கார்ந்திருந்தாள். மகனைப் புதைத்த பிறகு தினமும் வந்து, என் புள்ளைய என்ன பண்ணினீங்க என்று அந்த மணல் குவியல் மேல் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். பாத்ரூம் கட்டற மணலு, மேல உக்காராதே என்று ஏட்டு விரட்டினான். இவள் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே பார்த்தது. பாத்ரூம் கட்ட மணல் வந்ததே அவனைப் புதைத்ததற்கு அப்புறம். இல்லாத பாத்ரூமில் எங்கேயடா வழுக்கி விழுந்தான்? இவ்வளவு நாள் கண்ணெதிரில் குவிந்து கிடந்திருக்கிறது, ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கே தோன்றவில்லை! வழுக்கி விழுந்தான், வழுக்கி விழுந்தான் என்று எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், தன் ஸ்டேஷனில் பாத்ரூம் இடிந்து கிடப்பதை மறந்துபோய், இவனுக்கும் அதையே சொல்லிவிட்டது. பாலம், படிக்கட்டு, எதையாவது சொல்லியிருக்கலாம். இவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது, சிரித்தால் நனைந்துவிடும் போலிருந்தது, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். விசாரிக்க வந்த வெளியூர் அதிகாரிக்குப் புது டைல்ஸ் போட்ட பாத்ரூமைக் காட்டியிருப்பார்கள், பளபளவென்று, இங்கேதான் சார் வழுக்கினான் என்று. அவர் இவளிடம் சத்தம் கேட்டதா என்று மட்டும்தான் கேட்டார். கழிப்பறையைப் பற்றி யார் கேட்பார்கள்?

சொல்லவேண்டும். யாரிடம் சொல்வது, அரசு வக்கீல் தூணுக்குப் பின்னால் போனில் இருக்கிறார், எழுந்து போனால் அந்த நேரம் பார்த்து டவாலி உதட்டை அசைப்பார். கூண்டில் ஏறியே சொல்லிவிடலாம். சொன்னால் யார் சாட்சி என்பார்கள். மலர்க்கொடி பெயரைச் சொல்லவேண்டி வரும். அவள் வேலை என்ன ஆகும்? அவளுக்கு நடக்க முடியாத மாமியார், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். சாவியைத் திருப்பித் தரும்போது ஒருநாள் சும்மா நின்று அழுதாள், என்னவென்று கேட்டதற்கு ஒன்றுமில்லைக்கா என்றாள். அது மாதேசு செத்த மறுநாளா, அதற்கும் மறுநாளா? அவளும் உள்ளே இருந்து கேட்டாளோ? ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேட்ட சத்தம் அடுத்த அறையில் கேட்காமலா போகும். போன தடவை இவளை அனுப்பிவைத்தவளும் அவள்தானே, யார் சொல்லி அனுப்பினாள், எதற்குத் தரையைப் பார்க்கிறாள்? கோபமும் இரக்கமும் மாறி மாறி வந்தன. இல்லை அம்மிணி, உனக்காகப் பார்த்தேனென்றால் அந்த ஹெல்மெட்டுக்கு நான் என்ன சொல்வேன், அது இன்னும் என் மேசைக்கு அடியில்தான் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவனுடையது. அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது, கதவுக்கு அந்தப் பக்கம் டவாலி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தார். உதடு அசைந்தது.

"இருக்கேனுங்க!" என்று போட்ட சத்தத்தில் வராந்தா முழுக்கத் திரும்பியது. "தெய்வாத்தா இங்க இருக்கேனுங்க! எங்கயும் போகலீங்க!" டவாலி திடுக்கிட்டுத் தோளில் கிடந்த சிவப்புப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். எஸ்.ஐ. கால் மேல் போட்ட காலை இறக்கினான். கால்களை ஒட்டி ஒட்டி எடுத்து வைத்துக் கூண்டு வரைக்கும் நடந்தாள், கடவுளறிய உண்மை சொல்கிறேன் என்றாள், அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், ஆத்தா என்று கத்தியதைச் சொன்னாள். அந்தப் பக்க வக்கீல் அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். அவர் என்ன கேட்பார் என்று தெரிந்திருந்தது, கேட்டார். "ஏம்மா, பாத்ரூம்ல வழுக்கி விழுந்தவன் கத்த மாட்டானா?"

"கத்துவானுங்க. ஆனா விழறதுக்குப் பாத்ரூம் வேணுமில்லீங்களா?" என்றாள் தெய்வாத்தாள். "அந்தக் கார்த்திகையில ஸ்டேஷன்ல பாத்ரூமே கெடையாதுங்க. மழையில இடிஞ்சு கெடந்துச்சுங்க. பொம்பளப் போலீசெல்லாம் என் கடைக் கக்கூசுக்குத்தான் வந்தாங்க, சாவி எங்கிட்டத்தானுங்க இருந்துச்சு. புதுசு கட்ட மணல் வந்தப்ப இந்தப் பையனப் பொதச்சாச்சுங்க. அந்த மணல் மேல உக்காந்துதான் அவிய ஆத்தா அழுதுச்சு."

டைப் அடிக்கிற சத்தம் நின்றது. அரசு வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் பக்க வக்கீல் சட்டென்று ஜட்ஜம்மாவிடம் திரும்பி, சாட்சி புதிதாக எதையோ சொல்கிறார், வாக்குமூலத்தில் இல்லை, தயாராக அவகாசம் வேண்டும், சாட்சிக்கும் உடம்பு சரியில்லை போலத் தெரிகிறது, ஒரு வாய்தா கொடுத்தால் நன்றாயிருக்கும் என்று அடுக்கினார். ஜட்ஜம்மா இவளைப் பார்த்தார். "உடம்புக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்லீங்க. உங்க கோர்ட்டுல பொம்பளைங்க கக்கூசுக்கு எந்நேரமும் பூட்டுங்க. காலையிலிருந்து அடக்கீட்டு இருக்கேன். போன தடவ போயிட்டு வந்ததுக்குப் புடிச்சு ஜீப்புல ஏத்துனாங்க. வாய்தா வேண்டாமுங்க. என்னென்ன கேக்கோணுமோ இன்னைக்கே கேக்கச் சொல்லுங்க, நான் நிக்கறேன்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து, ஜட்ஜம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அவர் பேனாவை மேசையில் வைத்தார். "வாய்தா இல்லை" என்றார் வக்கீலிடம். பிறகு இவளிடம், "உங்க கடைக்கு வந்த பெண் காவலர் யாரு? பேர் தெரியுமா?" தெய்வாத்தாள் கதவுப் பக்கம் பார்த்தாள். மலரு, என்னை மன்னிச்சுக்கோ, இல்லை மன்னிக்க வேண்டாம், உனக்கும் இதுதான் நல்லது. சொன்னாள். இங்கே கோர்ட்டு டூட்டியில்தான் இருக்கிறாள் என்றும் சொன்னாள். "கூப்பிடுங்க" என்றார் ஜட்ஜம்மா டவாலியிடம். டவாலி வாசலுக்குப் போனார், பழக்கம் விடவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பினார், உதடு அசைந்தது. வராந்தாவில் யாரும் திரும்பவில்லை. இன்னொரு தரம் அசைந்தது. எஸ்.ஐ.யின் முகத்தில் லேசாக ஒரு தெளிவு வந்தது. தெய்வாத்தாள் கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள், அடிவயிற்றை எக்கினாள், லாரியும் பஸ்ஸும் போகிற ரோட்டைத் தாண்டி எத்தனையோ நாள் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டாள்.

"மலரு! இங்க வா அம்மிணி!"

வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பிய சத்தம் கேட்டது. அது அடங்கியதும் வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது, முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, உள்ளே வந்துகொண்டிருந்தது.